அண்ணையின் கேணலும் எங்கள் வீடு எரிந்த காலையும்

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று உங்கள் கைகளில் தந்திருக்க வேண்டிய நினைவு மலர் இது. ஓராண்டு பிந்தி, ஆட்டைத் திவசத்துக்குத்தான் வந்து சேர்கிறது. உற்றார் உறவினர், நண்பர்கள் எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அச்சகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதற்காரணம் நான். எனக்கு அடுத்தது அண்ணை. அண்ணைக்கும் அடுத்தது, அவர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே செத்துப்போன ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கேணல்.

எங்கள் அண்ணை யாழ்ப்பாணத்து வடமராட்சியில், கடலுக்கு ஒரு மைல் தள்ளி, பனங்காணிகளுக்கு நடுவே இருந்த வீட்டில் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்தவராகப் பிறந்தார். பிறந்த திகதியை மலரின் முன் அட்டையில் பார்த்திருப்பீர்கள். அது அம்மா சொன்ன திகதி. அண்ணை இருந்தால் அதைப் போட விட்டிருக்க மாட்டார். பிறப்புச் சான்றிதழ் வீட்டோடு எரிந்துவிட்டது, அம்மா சொன்னது கேள்விச் சாட்சி, அதற்கு நான் ஒப்பமிட மாட்டேன் என்று சுவிஸ் வந்த முதல் நாளே சொல்லிவிட்டார். அங்கத்தைய அதிகாரிகளும் அவருடைய அகதி அட்டையில் தை மாதம் முதலாம் திகதி என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு நேர்மை அவருக்கு. அந்த நேர்மையோடு முட்டி முட்டி என் தலைதான் வீங்கியது.

இப்படிப்பட்ட மலர்கள் தபாலில் வந்தால் அண்ணை சிவப்புப் பேனையோடுதான் வாசிக்க உட்காருவார். "கொடைவள்ளல்" என்று இருந்தால் கீழே கோடு போட்டு ஓரத்தில் "ஆதாரம்?" என்று எழுதுவார். "ஊர் போற்றும் உத்தமர்" என்று இருந்தால் "எந்த ஊர்? யார் போற்றினார்?" என்று எழுதுவார். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்டால், இறந்தவரைப் பற்றித்தான் சரியாக எழுத வேண்டும், அவர் வந்து திருத்த மாட்டார் என்பார். ஆகவே இந்தக் கட்டுரையில் அடைமொழி ஒன்றும் இல்லை. குறையாக நினைக்க வேண்டாம்.

அண்ணை படித்து முடித்ததும் காணிப் பதிவுக் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அங்கே நூறு வருடப் பழைய காணி உறுதிப் பத்திரங்கள் இருந்தன. வெள்ளைக்காரன் காலத்தில் உறுதி முடிக்கும் நொத்தாரிசுமார் சாய்த்துச் சாய்த்து எழுதிய ஆங்கிலக் கையெழுத்து. அதை வாசிக்க அந்தப் பகுதியில் அண்ணையை விட்டால் ஆளில்லை. எல்லைத் தகராறு வந்தால் வழக்குப் பேசும் அப்புக்காத்துமார் கடுதாசியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அண்ணை வாசித்துக் கொடுப்பார். ஓர் எழுத்து அழிந்திருந்தால் "இவ்விடத்தில் ஓர் எழுத்து அழிந்துள்ளது" என்றுதான் சொல்வாரே தவிர, ஊகித்துச் சொல்ல மாட்டார். தலைகீழாக நின்றாலும் மாட்டார்.

அம்மா போன பிறகு ஐயாவையும் என்னையும் பார்த்துக்கொண்டு தனியே இருந்துவிட்டார். தங்கைக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று தன் கலியாணத்தைத் தள்ளிப்போட்டார். எனக்கு முடிவதற்குள் சண்டை வந்தது. ஒரு காலையில் எங்கள் வீட்டை எரித்தார்கள். அண்ணை அப்போது தோட்டத்துக் கிணற்றடியில் நின்றார். வீட்டில் நானும் ஐயாவும் இருந்தோம். அன்று நடந்ததை இக்கட்டுரையின் முடிவில் எழுதுகிறேன், எழுதாமல் விடமாட்டேன். அன்று எங்கள் உறுதிப் பெட்டியும் எரிந்தது. மற்றவர்களின் உறுதிகளைக் கட்டிக் காத்தவரின் வீட்டில் ஒரு துண்டுக் கடுதாசி மிஞ்சவில்லை. ஐயா அதன் பிறகு நான்கு மாதம்தான் இருந்தார்.

ஐயாவின் காரியம் முடிந்ததும் அண்ணை என்னைக் கொழும்புக்கு அனுப்பினார். என்னைக் கலியாணம் கட்ட இருந்தவர் சுவிஸில் பிரெஞ்சு பேசும் பக்கத்து லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தார். நான் வந்து சேர்ந்து அகதி விண்ணப்பம் கொடுத்தேன். இப்போது எழுதப் போவதைப் படித்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் எத்தனை பேர் இதையே செய்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். கொழும்பில் ஒருவர் எனக்கு ஒரு கதை எழுதித் தந்தார். என் கதை போதாது என்றார். வீடு எரிந்தது எல்லோருக்கும் நடந்தது, அதற்கு விசா கொடுக்க மாட்டார்கள் என்றார். வேறொரு பெண் சொல்லி வென்ற கதையைத் தந்தார். நான் ஒரு வருடமாகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்ததாகவும், அங்கே சுற்றிவளைப்பில் பிடிபட்டதாகவும் கதை. திகதி, நேரம், லொட்ஜின் நிறம், எல்லாம் இருந்தது. பாடமாக்கிச் சொன்னேன். ஒரு பிழையும் விடவில்லை. எனக்கு விசா கிடைத்தது. சொன்ன கதையை அண்ணைக்கும் கடிதத்தில் எழுதினேன்.

அடுத்த ஆண்டு அண்ணை வந்தார். அவரைச் சுவிஸின் கிழக்கு மலைப் பக்கம் போட்டார்கள், எங்களிடமிருந்து ஆறு மணித்தியாலப் பயணம். விசாரணைக்கு முதல் நாள் நான் தொலைபேசியில் படித்துப் படித்துச் சொன்னேன், கேட்கிற கேள்விக்கு ஒரே திகதியைச் சொல்லுங்கள், இழுக்க வேண்டாம் என்று. ஓம், ஓம் என்றார். மறுநாள் வெளியே வந்து ஏதோ நல்ல வேலை செய்து முடித்தவர்போல எனக்கு ஒப்புவித்தார். எந்தத் திகதி என்று கேட்டார்களாம். மாசி மாதம், திகதி நிச்சயமில்லை என்றாராம். யார் எரித்தது என்று கண்டீர்களா என்றார்களாம். இல்லை, புகையைத்தான் கண்டேன் என்றாராம். எனக்கு மண்டை வெடித்துவிட்டது.

"அண்ணை, அது காணிக் கந்தோர் இல்லை. ஒரு திகதியைச் சொல்லிப்போட்டு வந்திருக்கலாமெல்லோ? உங்களை ஆர் வந்து கேக்கப் போகினம்?"

"பிழையான திகதி பதிஞ்சால் பிறகு முழுப் பதிவும் பிழைச்சுப் போம், பிள்ளை."

நெகட்டிவ் வந்தது, விண்ணப்பம் நிராகரிப்பு. சொன்னதை நம்ப முடியவில்லை, ஆவணம் இல்லை, கண்ட சாட்சி இல்லை என்று எழுதியிருந்தது. மேன்முறையீட்டுக்கு உதவிய பெண்மணி, கண்ட சாட்சி ஒருவர் இருந்தால் எல்லாம் மாறும் என்று சொன்னாராம். அண்ணை அதை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார். சாட்சி சொல்ல வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வா என்று அவரும் கேட்கவில்லை. கேட்காததால் எனக்குள் ஒரு நிம்மதி. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அது உண்மை. சாட்சி இல்லாமலே மேன்முறையீடு போனது. அதற்குப் பதில் வரவேயில்லை. அண்ணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அட்டையோடு காலம் கழித்தார்.

அந்த மலைப் பக்கத்து எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு பழைய விடுதியில் அவருக்குக் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. குளிர்கால சீசன், கோடைகால சீசன், இடையில் விடுதி பூட்டு. பூட்டியதும் மலையால் இறங்கும் சிவப்பு ரயிலைப் பிடித்து எங்களிடம் வந்துவிடுவார். விடுதியின் சொந்தக்காரி மெங்கியா என்ற பெண்மணி. அண்ணை மெங்கியா அம்மா என்றே சொல்வார், அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். மெங்கியா அம்மாவின் தாத்தா காலத்தில் நெஞ்சு வருத்தம், சயரோகம் வந்த ஆங்கிலேயர்கள் நல்ல காற்றுக்காக அங்கே வந்து மாதக்கணக்கில் தங்குவார்களாம். அப்படி வந்து அங்கேயே இறந்துபோனவர்தான் கேணல் தோர்ன்பி. ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால் அவருடைய கல்லறை இருக்கிறது. மேல்மாடத்தில் அவருடைய பெட்டி கிடந்தது. அவருடைய ஆட்கள் வந்து எடுக்கவில்லை. உள்ளே நாட்குறிப்புகளும் கடிதங்களும் இருந்தன. அந்தக் கையெழுத்தை அங்கே ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. லண்டனிலிருந்து வந்த விருந்தாளிகள்கூடப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்களாம்.

ஒரு நாள் மேல்மாடத்தைத் துப்புரவாக்க அண்ணையை அனுப்பியிருக்கிறார்கள். அவர் ஒரு நாட்குறிப்பைத் திறந்து, கடகடவென்று வாசித்திருக்கிறார். கோப்பை கழுவுகிறவர் வாசிப்பதை மெங்கியா அம்மா படியில் நின்று பார்த்தாராம். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையில் கிடைக்கும் ஓய்வு நேரம் முழுக்க அண்ணைக்கு மேல்மாடம்தான். மற்றவர்கள் அந்த நேரத்தில் படுப்பார்கள், இல்லாவிட்டால் ஜெர்மன் படிப்பார்கள். எங்கள் அண்ணை கேணலைப் படித்தார். மூன்று வருடம் படித்து, பதினொரு கொப்பி நிறையக் கேணலின் வாழ்க்கையைத் தமிழில் எழுதினார். அந்தப் பதினொரு கொப்பிதான் அவர் விட்டுச்சென்ற எழுத்து. மலருக்காகத் தேடியபோது அவற்றில் தன்னைப் பற்றி ஒரு வரி இருக்கும், ஒரு திகதியாவது இருக்கும் என்று இரண்டு முறை புரட்டினேன். ஒன்றுமில்லை. அந்தக் கொப்பிகளைத் தூக்கிப் பனிக்குள் எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

ஆகவே வேறு வழியில்லாமல், எங்கள் அண்ணையின் நினைவு மலரில் அந்தக் கேணலின் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கேணல் ஒரு பாதிரியாரின் நான்காவது மகன். காணி இல்லை, காசு இல்லை, பட்டாளம்தான் வழி. இளம் லெப்டினன்டாக மேற்கு ஆபிரிக்காவில் அசாந்தி நாட்டுக்கு எதிரான சண்டைக்குப் போனார். காட்டுக்குள்ளால் நடந்தார்கள், பாதிப் பேருக்குக் காய்ச்சல். தலைநகரம் வெறுமையாகக் கிடந்தது. தீ வைத்தார்கள், மழைக்கு முன் திரும்பினார்கள். கேணல் அதை எழுதிய விதத்தை அண்ணை எங்கள் குசினி மேசையில் இருந்து எனக்கு வாசித்துக் காட்டினார். காலை எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், முதலில் எந்தத் தெரு, கூரை என்ன ஓலை, எல்லாம் இருந்தது. அண்ணை கொப்பியை மூடிவிட்டு, நல்ல பதிவு என்றார். நான் கறிக்குப் புளி விட்டுக்கொண்டிருந்தேன். மனிசனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். கெட்ட மனிசன், ஆனால் நல்ல பதிவு என்றார்.

பிறகு ஆப்கானிஸ்தான். அங்கே கப்டன். வழியில் சுட்டவன் எந்தக் கிராமம் என்று தெரியாவிட்டால், கிட்ட இருக்கிற கிராமத்தின் காவற் கோபுரத்தை வெடி வைத்துத் தகர்ப்பது. பழமரங்களைத் தறிப்பது. அவற்றையும் கேணல் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். வாதுமை மரங்கள் பூத்திருந்த நேரம் தறித்ததாகவும், ஆட்கள் களைத்துப்போனதாகவும் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு பர்மாவுக்குப் போனார். போகிற வழியில் கப்பல் கொழும்பில் ஒரு பகல் நின்றதாம். வெக்கையாக இருந்தபடியால் இறங்கவில்லை என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு அண்ணைக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். லா ஷோ-து-ஃபோனுக்குத் தொலைபேசி எடுத்து, தொழிற்சாலையில் மணிக்கூட்டுக்கு முள் பொருத்திக்கொண்டிருந்த என்னைக் கூப்பிடுவித்து, கேணல் எங்கட நாட்டைக் கண்டிருக்கிறார், இறங்கேல்லை என்று சொன்னார். ஏதோ துக்கச் செய்தி என்று ஓடி வந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்? மேற்பார்வையாளர் வேறு பக்கத்தில் நின்றார்.

பர்மாவில்தான் கேணல் கேணல் ஆனார். பர்மா அரசனைப் பிடித்து இந்தியாவுக்கு அனுப்பிய பிறகும் சண்டை ஓயவில்லை. காட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள். இவர்கள் ஊர் ஊராக எரித்தார்கள். நாட்குறிப்பில் ஒரு மாதம் முழுக்க அதுதான். ஒரு பக்கத்தில் கிராமத்தின் பெயர், எத்தனை வீடு, எதிர்ப்பு ஒன்றுமில்லை. அடுத்த பக்கத்தில் இன்னொரு கிராமம். அண்ணை அந்த மாதத்தைத் தமிழில் எழுத விடுதி பூட்டியிருந்த ஒரு முழு ஓய்வுகாலம் எடுத்தார். எங்கள் வீட்டில் இருந்துதான் எழுதினார். வெளியே பனி யன்னல் மட்டத்துக்கு இருந்தது. இரண்டு கிழமை மேசையை விட்டு எழும்பவில்லை.

அப்போதுதான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. மேன்முறையீட்டுக்கு இன்னும் ஏதாவது எழுதி அனுப்பலாம் என்று உதவிக்காரப் பெண்மணி கடிதம் போட்டிருந்தார். அது பிரிக்காமலே கொப்பிக்கடியில் கிடந்ததை நான் கண்டேன். எனக்குப் பொறுமை போய்விட்டது. சத்தமாகக் கேட்டேன், உங்களுடைய கதையை எழுத ஒரு மணித்தியாலம் இல்லை, எரித்தவனுடைய கதைக்கு மூன்று வருடமா என்று. உங்கள் மூளையை அந்த மேல்மாடத்தில் வைத்துவிட்டு வந்தீர்களா என்றும் கேட்டேன். அண்ணை கோபப்படவில்லை. பேனையை மூடி வைத்தார்.

"எரிச்சவன் தன்ர கையால எழுதி வைச்சிருக்கிறான். நேரம் போட்டு, ஊர் போட்டு, ஒப்பம் வைச்சு. அவனை ஒருத்தரும் கேக்கேல்லை. எரிஞ்சவனிட்டத்தான் கடுதாசி கேக்கினம். பர்மாவில எரிஞ்ச சனத்தின்ர பக்கத்தில இருந்து ஒரு வரி இருக்கோ? இல்லை. அவையளுக்கு இருக்கிற ஒரே ஆதாரம் இவன்ர நாட்குறிப்புத்தான். அதை ஆராவது ஒருத்தன் வாசிச்சு எழுத வேணும்."

"எங்கட வீட்டை எரிச்சதுக்கு ஆரின்ர நாட்குறிப்பு இருக்கு?" என்று நான் கேட்டேன்.

அண்ணை என் முகத்தைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணி கேட்டார். நான் ஊற்றிக் கொடுத்தேன், வேண்டுமென்றே சீனி போடாமல். அதையும் குடித்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

கேணலின் கடைசிக் காலமும் ஆத்திரம்தான். தன்னோடு இருந்தவர்கள் எல்லோரும் ஜெனரல் ஆனார்கள், பட்டம் வாங்கினார்கள், தன் பெயரை மட்டும் மேலே எழுதி அனுப்பவில்லை என்று லண்டனுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். இத்தனை சண்டை, இத்தனை ஊர், இத்தனை காய்ச்சல், எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டிருக்கிறார். விடுதியின் தெற்குப் பக்க அறையில் சால்வையைப் போர்த்துக்கொண்டு தபாலுக்குக் காத்திருந்தார். பதில் வரவில்லை. அந்த அறைக்கு நேர் கீழே, குசினிக்குப் பக்கத்து அறையில்தான் எங்கள் அண்ணை படுத்தார். அவரும் ஒரு கந்தோர்ப் பதிலுக்குக் காத்திருந்தார். எனக்கு இது தெரிந்தது கடைசிக் கொப்பியை வாசித்தபோதுதான். அண்ணைக்குத் தெரியாமல் இருந்திருக்காது, ஆனாலும் அதைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை.

சென்ற ஆண்டு சீசன் முடிய இரண்டு கிழமை இருக்கும்போது, மதியப் பாத்திரங்களைக் கழுவி முடித்துவிட்டு அண்ணை பால் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார். எழும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் ரயில் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். நினைவு இருந்தது. நெஞ்சில் வயர்களோடு படுத்திருந்தார். அப்போதும் எனக்கு வாய் அடங்கவில்லை. சுகமானதும் முதல் வேலை மேன்முறையீடுதான், நானே வந்து எழுதுகிறேன், நான் கண்டதைச் சொல்கிறேன் என்றேன். எத்தனை வருடம் பிந்திச் சொன்னேன் பாருங்கள்.

"எழுதாதை, பிள்ளை. உன்ர விசா கெட்டுப் போம்" என்றார்.

அதற்கு மேல் கதைக்க வேண்டாம் என்று தாதி வந்து தடுத்தார். மூன்றாம் நாள் அண்ணை எங்களை விட்டுப் போய்விட்டார்.

அவருடைய பொருட்களை எடுக்க விடுதிக்குப் போனேன். கட்டிலுக்குக் கீழே சூட்கேஸ் இருந்தது. அதற்குள் இரண்டு சட்டை, பதினொரு கொப்பி, ஒரு மஞ்சள் உறை. உறைக்குள் அவருடைய விசாரணைப் பதிவு, ஜெர்மன் மொழியில். எனக்கு ஜெர்மன் தெரியாது. மெங்கியா அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியும். குசினி மேசையில் என்னை இருத்தி, கேள்வியையும் பதிலையும் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போனார். திகதி நிச்சயமில்லை, புகையைத்தான் கண்டேன், எல்லாம் அவர் எனக்குச் சொன்னபடியே இருந்தது. நான் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஐந்தாம் பக்கம் வந்தது.

வீட்டில் யாராவது இருந்தார்களா என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் இல்லை என்று பதில். உங்கள் தங்கை சுவிஸில் இருக்கிறார், அவர் அப்போது எங்கே இருந்தார் என்று கேட்டிருக்கிறார்கள். கொழும்பில், ஒரு லொட்ஜில் என்று பதில். நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். நிச்சயமாகத் தெரியும் என்று பதில். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அண்ணையின் ஒப்பம், முத்துப் போல.

தன் பிறந்த நாளுக்கே ஒப்பமிட மாட்டேன் என்றவர். அழிந்துபோன ஓர் எழுத்தை ஊகித்துச் சொல்லாதவர். வாழ்நாளில் ஒரு பொய்தான் பதிந்தார், அதை எனக்காகப் பதிந்தார். அதே பொய்தான் அவருக்கு இருந்த ஒரே சாட்சியான என்னை இல்லாமல் செய்தது. நான் மூன்று வருடமாக, நேர்மை நேர்மை என்று நீங்களே உங்களைக் கெடுத்தீர்கள் என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டுக்கொண்டு இருந்தாரே, இந்த மனிசனை என்ன செய்வது? மெங்கியா அம்மா வாசிப்பதை நிறுத்திவிட்டு ஏன் அழுகிறாய் என்று கேட்டார். எனக்குப் பிரெஞ்சு வரவில்லை, தமிழிலேயே ஏதேதோ சொன்னேன்.

அன்றிலிருந்துதான் இந்த மலர் பிந்தியது. அண்ணையின் வாழ்க்கையை உண்மையாக எழுதினால் இதை எழுத வேண்டும். எழுதினால் என் பொய் வெளியே வரும். என் கணவர் நல்லவர், பயந்தவர். எழுதிக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உமக்கு விசரோ? இதை அச்சில போட்டால் நாளைக்கு உம்மட விசாவையும் கேப்பாங்கள். இந்த மலர் எத்தினை பேரிட்டப் போகுது எண்டு தெரியுமோ?" என்றார். தெரியும், அதனால்தான் போடுகிறேன் என்றேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், எழுத்துப் பிழை பார்த்துத் தரட்டுமா என்று கேட்டார்.

ஆகவே இப்போது எழுதுகிறேன். அந்தக் கேணல் எழுதிய விதத்திலேயே எழுதுகிறேன், அவரிடமிருந்து எனக்குத் தேவைப்பட்டது அது ஒன்றுதான். இந்த மலர் ஊருக்கும் தபாலில் போகும், வழியில் பலர் பிரிப்பார்கள். ஆதலால் வந்தவர்கள் எந்தப் படை என்பதை மட்டும் எழுதவில்லை. அன்று அங்கே இருந்தவர்களுக்கு அது தெரியும்.

மாசி மாதம், சிவராத்திரிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை மணி, பள்ளிக்கூட மணி அடித்துச் சற்று நேரம். நல்ல வெயில், கடற்பக்கக் காற்று. சீருடையோடு வடக்கு ஒழுங்கையால் வந்தார்கள். நான் குசினி யன்னலால் எண்ணினேன், பதினாறு பேர். வாசலில் ஒருவர் எங்கள் மொழியில் வெளியே வா என்றார். ஐயா பாயில் கிடந்தார், இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லை. நான் பாயோடு இழுத்துக்கொண்டு பின் கதவால் போனேன். தேசிக்காய் மரத்தடி வரைக்கும் இழுத்தேன். முதலில் குசினிக் கூரை, பிறகு மால் கொட்டில், பிறகு பெரிய வீடு. கையில் தகர வாளி வைத்திருந்தவர் உயரமானவர், இடது கையில் மணிக்கூடு கட்டியிருந்தார். எங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பு ஒன்றுமில்லை. உறுதிப் பெட்டி பெரிய வீட்டில் சாமி அறைக்குள் இருந்தது. அண்ணை கிணற்றடியிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது அவர்கள் போய்விட்டார்கள். அவர் கண்டது புகை. நெருப்பைக் கண்டவள் நான். அன்று நான் கொழும்பில் இருக்கவில்லை.

அண்ணை இருந்தால் ஓரத்தில் சிவப்பால் "ஆதாரம்?" என்று போடுவார். ஆதாரம் நான்தான், அண்ணை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வைத்தியசாலையிலும் இறுதிக் கிரியையிலும் கூட நின்ற எல்லோருக்கும், பனிக்குள் ரயில் ஏறி வந்த உறவினருக்கும், மலர்வளையமும் சாப்பாடும் கொண்டுவந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணையை மேல்மாடத்துக்கு ஏற விட்ட மெங்கியா அம்மாவுக்கு நன்றி. பதினொரு கொப்பியும் இப்போது அவருடைய வீட்டில், கேணலின் பெட்டிக்குள், கேணலின் நாட்குறிப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வாசிக்க விரும்புகிறவர்கள் போய்க் கேட்கலாம். கேணலுக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று அண்ணை சொல்லியிருப்பார். நான் சொல்ல மாட்டேன்.

உறுதி ஒன்று செல்லுபடியாக இரண்டு சாட்சி ஒப்பமிட வேண்டும் என்பார் அண்ணை. இந்த மலர் போகும் வீடுகளில், அன்று காலை எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள் ஆறு பேராவது இருக்கிறீர்கள். எனக்கு உங்கள் பெயர்கள் தெரியும். நீங்கள் இங்கே வந்து சொன்ன கதைகளும் தெரியும், அவற்றில் பாதியை எழுதித் தந்ததும் எனக்கு எழுதித் தந்த அதே ஆள்தான். உங்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு கோடு மட்டும் விட்டிருக்கிறேன். ஒப்பமிட்டு எனக்குத் திருப்பி அனுப்புங்கள்.

முதலாம் சாட்சி: தங்கை, லா ஷோ-து-ஃபோன்.

இரண்டாம் சாட்சி: ...................................